மாட்டுக்கா, புல்லுக்கா? சுட்டெண் கால்நடைக் காப்புறுதி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் விவசாயப் பிரிவில் வேலை செய்கிறேன். கென்யாவின் வரட்சிக் காப்புறுதி பற்றி வெள்ளவத்தையில் ஒரு சிறு கூட்டத்தில் பேசப்போக, அன்றிலிருந்து கேள்விகள் நின்றபாடில்லை. ஊரில் பட்டி வைத்திருக்கும் உறவினருக்காகக் கேட்பவர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், "இதென்ன புது ஏமாத்து" என்று கேட்கும் மாமாமார் என்று பலர். ஒரே பதிலை இருபது தடவை சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

சுட்டெண் காப்புறுதி எண்டால் என்ன? சும்மா மாட்டுக் காப்புறுதிதானே?

சாதாரண மாட்டுக் காப்புறுதியில் உங்கள் மாட்டின் காதில் இலக்கத் தகடு குத்துவார்கள். மாடு செத்தால் கால்நடை வைத்தியரின் சான்றிதழோடு போய் நட்டஈடு கேட்பீர்கள். சுட்டெண் காப்புறுதியில் மாட்டை யாரும் பார்ப்பதில்லை. மேய்ச்சற்தரையில் புல் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அளக்கிறார்கள். அளவு முன்பே எழுதி வைத்த ஒரு கோட்டுக்குக் கீழே போனால், அந்தப் பகுதியில் காப்புறுதி எடுத்த எல்லோருக்கும் பணம் போகும்.

சுட்டெண் என்ற சொல் கொழும்புக்காரருக்குப் புதிதில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் பற்றி மாதாமாதம் செய்தியில் கேட்கிறோம். சில கம்பனிகளில் வாழ்க்கைச் செலவுப் படி அதோடு கட்டப்பட்டிருக்கும். சுட்டெண் ஏறினால் படியும் ஏறும். நீங்கள் சந்தையில் என்ன விலைக்கு வெங்காயம் வாங்கினீர்கள் என்று யாரும் பில் கேட்பதில்லை. இதுவும் அப்படித்தான். பெயர் கால்நடைக் காப்புறுதி என்றாலும், உண்மையில் காப்புறுதி செய்யப்படுவது புல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

மாட்டை வந்து பாக்காமலே காசு குடுப்பினமா? கம்பனிக்கு விசரா?

பார்க்கப் போனால்தான் கம்பனிக்குக் கட்டாது. வட கென்யாவின் மார்சபிட் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லும் மணலுமான பெரு வெளி. வீதிகள் குறைவு. மேய்ப்பர்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. பத்து மாடு செத்ததைச் சரிபார்க்க ஓர் அதிகாரியை ஜீப்பில் அனுப்பினால், டீசல் செலவே பிரீமியத்தை விழுங்கிவிடும். அதனால்தான் பல ஆண்டுகளாக எந்தக் கம்பனியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. நட்டஈடு மாட்டின் சாவோடு கட்டப்படாததால், காப்புறுதி இருக்கிறதே என்று மாட்டைக் கவனிக்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை. செத்த மாட்டைக் காட்டி இரண்டு தரம் காசு எடுக்கும் வேலையும் நடக்காது. எங்கள் தொழிலில் இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றி மணிக்கணக்கில் கதை சொல்லலாம், இங்கே வேண்டாம்.

வானத்தில இருக்கிற செய்மதிக்கு எங்கட புல்லு எப்பிடித் தெரியும்?

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி எறியும். காய்ந்த புல்லும் வெறும் மண்ணும் அப்படிச் செய்வதில்லை. செய்மதி இந்த இரண்டு ஒளியையும் அளக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். அதற்கு என்.டி.வி.ஐ. என்று பெயர். எண் ஒன்றை நோக்கிப் போகப் போகப் பசுமை அதிகம்.

1999 டிசம்பரில் ஏவப்பட்ட நாசாவின் டெரா செய்மதி 2000 ஆம் ஆண்டிலிருந்து இந்த அளவைத் தந்துகொண்டிருக்கிறது. ஒரு புள்ளி என்பது சுமார் 250 மீற்றருக்கு 250 மீற்றர் நிலம். மேகம் மறைத்த நாட்களை விலக்க, பத்து நாள் அளவுகளை ஒன்றாகத் தொகுப்பார்கள். பிறகு இந்தப் பருவத்தின் பசுமையை அதே இடத்தின் கடந்த ஆண்டுகளோடு ஒப்பிடுவார்கள். பாலைவன ஓரத்தை நுவரெலியாவோடு ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு இடமும் தன்னோடுதான் போட்டி.

கம்பனி தனக்கு ஏத்த மாதிரிக் கணக்கை மாத்தாதோ?

மாற்றுவது கஷ்டம். செய்மதித் தரவு எவரும் இலவசமாக எடுக்கக்கூடியது. கணக்கிடும் சூத்திரம் விற்பனைக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது. உள்ளூர்க் கம்பனிக்கே காப்புறுதி கொடுக்கும் மீள்காப்புறுதிக் கம்பனியும் அதே எண்ணைத்தான் பார்க்கும். உள்ளூர் அதிகாரியின் கையெழுத்துக்காக அலைய வேண்டியதில்லை என்பது எனக்கு இதில் பிடித்த விஷயம்.

இதை முதல்ல தொடங்கினது ஆர்?

மேய்ச்சற்புல்லைச் செய்மதியால் அளந்து ஆபிரிக்க மேய்ப்பருக்குக் காப்புறுதி விற்ற திட்டம் 2010 ஜனவரியில் மார்சபிட்டில் தொடங்கியது. நைரோபியில் உள்ள சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவும் வடிவமைத்தன. கென்யக் காப்புறுதிக் கம்பனி ஒன்று விற்றது. 2012 இல் தெற்கு எதியோப்பியாவின் போரானா பகுதிக்கும் போனது. இதை முன்னின்று நடத்திய கென்யப் பொருளியலாளர் ஆண்ட்ரூ மூடேக்கு 2016 இல் நோர்மன் போர்லாக் பெயரிலான கள ஆய்வு விருது கிடைத்தது.

மொங்கோலியா இன்னும் முந்தியது. அங்கே உலக வங்கியின் உதவியோடு 2006 அளவில் தொடங்கிய திட்டத்துக்குப் பகை வரட்சியில்லை. 'ட்ஸுட்' எனப்படும் கொடும்பனிக் குளிர். செய்மதிக்குப் பதிலாகக் கால்நடைக் கணக்கெடுப்பை நம்பினார்கள். ஒரு மாவட்டத்தில் மொத்தமாக எத்தனை வீதம் கால்நடை செத்தது என்பதே அங்கே சுட்டெண். வருடாவருடம் ஆட்டையும் மாட்டையும் ஒழுங்காக எண்ணும் பழக்கம் அந்த நாட்டில் முன்பே இருந்ததால் அது சாத்தியமாயிற்று.

ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் ஒரே கணக்கோ?

இல்லை. எல்லாவற்றையும் மாட்டுக் கணக்குக்கு மாற்றுவார்கள். ஒரு மாடு ஓர் அலகு. பத்து ஆடு ஓர் அலகு. ஒட்டகம் ஏறத்தாழ 1.4 அலகு.

எவ்வளவு கட்டினா எவ்வளவு வரும்? நேராச் சொல்லுங்கோ.

மார்சபிட்டின் முதல் ஒப்பந்தத்தை வைத்தே கணக்குப் போடலாம். ஓர் அலகின் பெறுமதி 15,000 கென்ய ஷில்லிங். மானியம் கழித்து ஓராண்டுப் பிரீமியம், வரட்சி அடிக்கடி வரும் மேற்பகுதியில் 5.5 வீதம், கீழ்ப்பகுதியில் 3.25 வீதம். மேற்பகுதியில் பத்து மாடு வைத்திருப்பவர் 1,50,000 ஷில்லிங்குக்குக் காப்புறுதி எடுத்து 8,250 ஷில்லிங் கட்டுவார்.

அந்த ஒப்பந்தத்தில் பசுமை அளவை வைத்து "இந்தப் பகுதியில் இத்தனை வீதம் கால்நடை இறந்திருக்கும்" என்று ஒரு மதிப்பீடு போட்டார்கள். முதல் 15 வீதம் மேய்ப்பரின் பொறுப்பு. மதிப்பீடு 33 வீதம் என்று வந்தால், மிச்சம் 18 வீதத்துக்கு 27,000 ஷில்லிங் கிடைக்கும். 14 வீதம் என்று வந்தால் ஒன்றும் கிடைக்காது. முதல் கொடுப்பனவு 2011 அக்டோபரில் நடந்தது. அது கிழக்கு ஆபிரிக்காவைக் கொடும் வரட்சி வாட்டிய ஆண்டு.

மாடு சாகாட்டியும் காசு வருமெண்டு சொல்றியள். அது பிழையில்லையா?

பிழையில்லை. சொல்லப்போனால் இப்போதைய ஒப்பந்தங்களின் நோக்கமே அதுதான். மேலே சொன்ன பழைய கணக்கில், மாடுகள் செத்து முடிந்து, வெயில் காலமும் முடிகிற நேரத்தில்தான் பணம் வந்தது. செத்த மாட்டுக்குப் பதில் புது மாடு வாங்கலாம் என்ற எண்ணம். ஆனால் வரட்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் மாடு வாங்கப் போனால் விலை எங்கே நிற்கும்?

அதனால் சில ஆண்டுகளில் முறையை மாற்றினார்கள். மழைப் பருவம் முடிந்த உடனேயே புல் முளைத்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அப்போதே பணத்தைக் கொடுத்தால் மேய்ப்பர் தீவனமும் தண்ணீரும் மருந்தும் வாங்கி மாட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம். கென்ய அரசின் திட்டத்தில் ஓர் அலகுக்கு ஆண்டுக்கு 14,000 ஷில்லிங் என்று வைத்தது, மாட்டின் விலையை அன்றி அதை உயிரோடு வைத்திருக்கும் செலவைக் கருதித்தான். உயிரோடு இருக்கும் மாட்டுக்குக் காசு வருவதைப் பார்த்து எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் தலையில் கைவைத்தார். பால் கறக்கிற மாட்டைக் காப்பாற்றுவது செத்த மாட்டுக்கு ஈடு கொடுப்பதைவிட மலிவு என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

என்ர மாடு செத்துப்போச்சு, ஆனா காசு வரேல்ல எண்டால்? இது நியாயமோ?

இதுதான் இந்தக் காப்புறுதியின் பெரிய ஓட்டை. விற்கிறவர்கள் இதை முதலில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கடைசியில் சொல்கிறார்கள், அல்லது சொல்வதேயில்லை. சுட்டெண் புல்லைத்தான் பார்க்கிறது. நோயில் செத்த மாடு, களவு போன மாடு, யானை அடித்த மாடு, வெள்ளத்தில் போன மாடு எதுவும் அதற்குத் தெரியாது.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் போனபோது, வடக்கிலும் கிழக்கிலும் அடித்த கடுங்குளிரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஒரேயடியாகச் செத்தன. அது மாரி காலம். தரையெல்லாம் பச்சை. செய்மதி பார்த்திருந்தால் "நல்ல பருவம்" என்றுதான் சொல்லியிருக்கும். வரட்சிச் சுட்டெண்ணில் காப்புறுதி எடுத்திருந்தாலும் அன்று ஒரு சதமும் வந்திராது.

கென்யாவில் இதை அளந்தும் பார்த்தார்கள். பெரும் இழப்பு ஏற்படும் ஆபத்தில், காப்புறுதி எடுத்த பிறகும் சராசரியாக 69 வீதம் மேய்ப்பரின் தலையிலேயே மிஞ்சியது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். திட்டத்தை வடிவமைத்த குழுவினரே அதை வெளியிட்டார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும். மறுபக்கமும் உண்டு. 2011 வரட்சியில் காப்புறுதி இருந்த குடும்பங்களில், வசதியானவர்கள் மாட்டை அவசரத்துக்கு விற்பது குறைந்தது. வறியவர்கள் சாப்பாட்டைக் குறைப்பது குறைந்தது. ஓட்டைக் குடைதான், ஆனாலும் குடை.

பச்சையா இருந்தா எல்லாம் மாடு தின்னுற புல்லோ?

நல்ல கேள்வி. கேட்டவர் மன்னார்க்காரர், சீமைக்கருவேலம் பார்த்து வளர்ந்தவர். செய்மதிக்குப் பச்சை என்றால் பச்சைதான். கென்யாவிலும் அதே சீமைக்கருவேலம் பல மேய்ச்சற்தரைகளைப் பிடித்திருக்கிறது. வரட்சியிலும் அது பச்சையாக நிற்கும். அதன் இலையை மாடு தொடாது. இப்படிப்பட்ட இடங்களில் சுட்டெண் உண்மையைவிட நல்ல செய்தி சொல்லும். காடு, வயல், நகரம் ஆகியவற்றின் புள்ளிகளை வெட்டியெறிந்துவிட்டு மேய்ச்சல் நிலத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் பிழை குறையும். முற்றாகப் போகாது.

வரட்சி வரப்போகுதெண்டு தெரிஞ்ச பிறகு ஓடிப்போய் வாங்கலாமோ?

எல்லோருக்கும் தோன்றும் யோசனை. அதனால்தான் வருடம் முழுக்க விற்பதில்லை. கென்யாவின் வடபகுதியில் மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. விற்பனை அதற்கு முந்திய ஜனவரி–பெப்ரவரியிலும் ஓகஸ்ட்–செப்டம்பரிலும் மட்டும். மழை தொடங்கினால் கதவு மூடப்படும். வானத்தைப் பார்த்து மழையைக் கணிக்கும் முதியவர்கள் மேய்ப்பரிடையே உண்டு. அவர்கள் முந்திக்கொள்வதை யாராலும் தடுக்க முடியாது.

மாட்டை வேற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் காப்புறுதியும் கூட வருமோ?

வராது. வாங்கும்போது எந்தப் பகுதி என்று பதிவு செய்தீர்களோ, அந்தப் பகுதியின் புல்தான் கணக்கு. அங்கே காய்ந்தால், நீங்கள் மாட்டோடு பச்சைப் பக்கம் போய்விட்டாலும் பணம் வரும். உங்கள் பகுதி பச்சையாக இருக்க, நீங்கள் போன இடம் காய்ந்தால் வராது. அதனால் பெரும்பாலான மாதங்களில் மாடு எங்கே நிற்கிறதோ அந்தப் பகுதியைத் தெரிவு செய்வதே புத்தி.

நாங்க முஸ்லிம்கள். இது சூதாட்டம் மாதிரி இல்லையா, தங்கச்சி?

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கென்யாவின் வஜிர் பகுதியில் பெரும்பாலானோர் சோமாலிய முஸ்லிம்கள். அவர்களிடமும் இதே தயக்கம் இருந்தது. 2013 இல் ஒரு தகாஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) கம்பனி ஷரீஆவுக்கு இசைவான வடிவத்தைக் கொண்டுவந்தது. அதில் நீங்கள் கட்டுவது ஒரு பொது நிதிக்கான நன்கொடை. கம்பனி அந்த நிதியை நடத்துவதற்குக் கட்டணம் எடுக்கும். நட்டஈடும் அந்த நிதியிலிருந்தே போகும். அளவுகோல் மேலே சொன்ன அதே செய்மதி எண்தான். மிச்சத்தை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள்.

அஞ்சு வருசம் கட்டி ஒரு சதமும் வராட்டி ஆர் தொடர்ந்து கட்டுவினம்?

கட்டுவதில்லை. உண்மை அதுதான். மார்சபிட்டிலும் முதல் ஆர்வம் தணிந்து பலர் விலகினார்கள். இது சேமிப்புக் கணக்கல்ல என்று எவ்வளவு சொன்னாலும், பசித்த வீட்டில் 8,250 ஷில்லிங் பெரிய காசு. எனவே அரசு உள்ளே வந்தது. 2015 இல் துர்கானா, வஜிர் பகுதிகளில் தொடங்கிய கென்ய அரசின் திட்டத்தில், தெரிவு செய்யப்பட்ட ஒவ்வொரு வறிய குடும்பத்துக்கும் ஐந்து அலகுக்கான பிரீமியம் முழுவதையும் அரசே கட்டியது. பின்னர் அது எட்டு மாவட்டங்களுக்கு விரிந்தது.

இதிலும் ஒரு சிக்கல். அரசு கட்டும்வரைதான் காப்புறுதி. பாதீட்டில் பணம் இல்லாத ஆண்டில் அது நின்றுவிடும்; வரட்சி பாதீட்டைப் பார்த்து வருவதில்லை. முழு மானியத்தைவிட, சிறு பங்கையாவது மேய்ப்பர் கட்டுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். கட்டியவர்தான் ஒப்பந்தத்தைப் படிப்பார், கேள்வி கேட்பார்.

காலநிலையே மாறிப்போனால் பழைய கணக்கு என்னத்துக்கு உதவும்?

இதற்கு முழுமையான மருந்து இன்னும் இல்லை. 2020 அக்டோபரிலிருந்து 2022 இறுதிவரை ஆபிரிக்காவின் கொம்புப் பகுதியில் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பணம் கொடுப்போம் என்று விலை போட்ட ஒப்பந்தம், அடுத்தடுத்துக் கொடுக்க நேர்ந்தால் பிரீமியம் ஏறத்தான் செய்யும். அப்போது வறியவரால் எட்ட முடியாது. அடிக்கடி வரும் சிறு வரட்சியைத் தீவன இருப்பும் சேமிப்பும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிதாக வரும் பெரிய அடிக்குத்தான் காப்புறுதி சரி.

எங்கட மட்டக்களப்புப் பட்டிக்கு இது சரிவருமோ?

அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. இலங்கைக்குச் சுட்டெண் காப்புறுதி புதிதல்ல. மழையளவை வைத்து நெல்லுக்கு இங்கே விற்கப்பட்டிருக்கிறது. கால்நடைக்கு, முதல் கேள்வியில் சொன்ன காதுத் தகட்டு வகையைக் கமத்தொழில் மற்றும் கமநல காப்புறுதிச் சபை வைத்திருக்கிறது. மேய்ச்சலுக்குச் செய்மதி என்றால் சிக்கல் நம் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. நம் மாடு அறுவடை முடிந்த வயலில் மேயும், குளத்தடியில் மேயும், பெரும்போகத்தில் வயல் விதைத்தால் காட்டோரத் தரைக்குப் போகும். 250 மீற்றர் புள்ளி ஒன்றுக்குள் வயலும் பற்றையும் குளமும் கலந்து கிடக்கும். இப்போது இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும் செய்மதிகள் உண்டு. ஆனால் அவற்றின் பழைய பதிவு குறுகியது.

இன்னொன்று, இதுதான் பெரியது. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 முதல் வீதியில் இருந்து போராடியது வரட்சிக்கு எதிராக அல்ல. மேய்ச்சற்தரையில் அத்துமீறிப் பயிர் செய்வதற்கு எதிராக. அங்கே சோளம் நன்றாக விளைந்தால் செய்மதிக்கு அதுவும் பசுமைதான். மாட்டுக்குக் கால் வைக்க இடமில்லாவிட்டாலும் எண் நன்றாக இருக்கும். சீமைக்கருவேலத்துக்குச் சொன்ன அதே கதை.

வாங்கிறதெண்டால் ஏஜன்டிட்ட என்ன கேக்க வேணும்?

எந்தக் கோட்டுக்குக் கீழே போனால் பணம், கடந்த இருபது ஆண்டில் எந்தெந்த ஆண்டு அந்தக் கோட்டுக்குக் கீழே போயிருக்கும் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை ஊரில் வயதான பட்டிக்காரரிடம் காட்டி, "உண்மையிலே மாடு செத்த வருசங்கள் இதுதானா?" என்று விசாரியுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் வாங்காதீர்கள். பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

நான் கொழும்பில இருந்துகொண்டு ஊரில இருக்கிற அண்ணாவின்ர பட்டிக்குக் கட்டலாமோ?

இப்படி ஒரு காப்புறுதி இங்கே வந்தால், தாராளமாகக் கட்டலாம். ஆனால் ஒப்பந்தம் அண்ணாவின் பெயரில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கும் அவருடையதாக இருக்க வேண்டும். கொழும்புக் கணக்குக்கு வந்த பணம் வைக்கோல் வாங்கும் நாளுக்குள் பட்டிக்குப் போய்ச் சேர்ந்ததை நான் இதுவரை கண்டதில்லை.